பதமும் படமும்: உணவு அலைவரிசைகளில் சமையல் வினைகள்

1. முன்னுரை

உணவின் பெயர்களையும் அவற்றின் சொற்பிறப்பையும் ஆராயும் ஆர்வம் தமிழில் நெடுங்காலமாக உண்டு. சமைக்கும் செயலைக் குறிக்கும் வினைச்சொற்கள் அந்த அளவிற்குக் கருதப்படவில்லை. அவ்வினைகள் தொடரில் அமையும் முறையும், கற்பிக்கும் ஊடகம் மாறும்பொழுது அவை அடையும் மாற்றமும் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் பயன் தரத்தக்க ஆய்வுப் பொருள்களாகும்.

இந்தியாவில் உணவுக்கெனவே தனி அலைவரிசைகள் தோன்றியது அண்மைக்கால நிகழ்ச்சியாகும். அமெரிக்காவில் ஃபுட் நெட்வொர்க் 1993இல் தொடங்கிற்று. அதே ஆண்டில் சீ தொலைக்காட்சியில் 'கானா கஜானா' நிகழ்ச்சி தொடங்கிச் சமையற் கலைஞர் சஞ்சீவ் கபூரை இந்தி அறிந்த இல்லங்கள்தோறும் அறிமுகப்படுத்திற்று. அப்பெயரையே தாங்கிய முழுநேர உணவு அலைவரிசையைச் சீ நிறுவனம் 2010இல் தொடங்கியது. அது 2015இல் 'லிவிங் ஃபுட்ஸ்' எனவும் 2020இல் 'சீ செஸ்ட்' எனவும் பெயர் மாறிற்று. சஞ்சீவ் கபூர் பங்கேற்று உருவாக்கிய 'ஃபுட் ஃபுட்' அலைவரிசை 2011 சனவரியில் மும்பையைத் தளமாகக் கொண்டு ஒளிபரப்பைத் தொடங்கிற்று. அதன் மொழி ஆங்கிலம் விரவிய இந்தி. தமிழில் சமையல் நிகழ்ச்சிகள் பொது அலைவரிசைகளின் பகுதிகளாகவே பெரிதும் அமைந்துள்ளன.

மும்பையில் வாழும் தமிழர், குறிப்பாகக் கோவண்டிப் பகுதித் தமிழர், இவ்விரு வகை ஒளிபரப்புக்கும் நடுவே நிற்பவர்கள். அவர்தம் அடுக்களையை நிலைக்களமாகக் கொண்டு, உணவு அலைவரிசையின் மொழி சமையல் வினைகளை எவ்வாறு நடத்துகின்றது என்பதையும், அம்மொழியைத் தமிழாக்குவோர் எதைக் காக்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. இங்குத் தரப்படும் தொடர்கள் அவ்வழக்கின் வகைமாதிரிகளே. எந்தவொரு நிகழ்ச்சியின் படியெடுப்பும் அல்ல.

2. கோவண்டியின் அடுக்களை

மும்பையின் துறைமுக இருப்புப்பாதையில் செம்பூருக்கும் மான்கூர்துக்கும் இடையே உள்ளது கோவண்டி. மாநகராட்சியின் எம் கிழக்கு வட்டத்தைச் சேர்ந்த இப்பகுதியை ஒட்டி, 1927 முதல் நகரின் குப்பை கொட்டப்பட்டு வந்த தேவனார் நிலமும், 1971இல் தொடங்கிய தேவனார் இறைச்சிக்கூடமும் உள்ளன. பெருநகரின் உணவு புறப்படும் இடமும் அதன் மிச்சம் வந்து சேரும் இடமும் இங்கே அடுத்தடுத்து அமைந்துள்ளன. சற்றுத் தெற்கே திராம்பேயில் சீத்தா கேம்ப் இருக்கின்றது. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியேற்றப்பட்ட இடம் அது. அம்மக்களில் தமிழர் கணிசமானோர்.

இப்பகுதியின் தெருவழக்கு இந்தி. அரசு அலுவலகத்தின் மொழி மராத்தி. பல இல்லங்களின் மொழி உருது. மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்தி வருகின்றது. எனினும் மேல் வகுப்புகளும் வேலைவாய்ப்பும் பிற மொழிகளை நோக்கியே மாணவரைச் செலுத்துகின்றன. மொழிப்பெயர்ச்சியை ஆராய்ந்த யோசுவா ஃபிஷ்மன், ஒரு மொழி கைவிடப்படும் பொழுது அது புழங்குகளம் புழங்குகளமாக விலகுகின்றது என்றும், இல்லமே அதன் இறுதி அரண் என்றும் காட்டினார். இல்லத்திற்குள்ளும் அடுக்களை தனித்தன்மை உடையது. பள்ளிப் பேச்சும் தொழிற்பேச்சும் வேற்று மொழிக்கு மாறிவிட்ட பின்னரும், தாய் மகளிடம் அடுப்படியில் கூறும் சொற்கள் தமிழாகவே எஞ்சுவது உண்டு.

உணவு அலைவரிசை நுழைவது இவ்விறுதிப் புழங்குகளத்தினுள்தான். நுழையும் முறையும் கருதத்தக்கது. ஒற்றை அறையுள்ள வீட்டில் அடுப்பும் தொலைக்காட்சிப் பெட்டியும் ஒரே அறையில் இருக்கின்றன. சமைப்பவரின் கண் அடுப்பின்மீது இருக்க, செவி மட்டும் பெட்டியின்மீது இருக்கின்றது. தயாரிப்பாளர் பார்வையாளரை மனத்திற்கொண்டு படைக்கும் நிகழ்ச்சி இங்கே பெரும்பாலும் கேட்போரையே சென்றடைகின்றது. இவ்வேறுபாடு மொழியைப் பொறுத்த வரையில் சிறியதன்று.

3. ஒரு வினையும் மூன்று வினைகளும்

சமையல் வினைகளைச் சொற்புலமாகக் கொண்டு ஆராய்ந்தவருள் ஏட்ரியன் லேரர் முதன்மையானவர். 1969இல் வெளிவந்த அவரது ஆய்வு, ஆங்கில வினைகளை நீர், கொழுப்பு, நேர்வெப்பம் முதலிய பொருண்மைக் கூறுகளால் பாகுபடுத்திற்று. பிற மொழிகளின் வினைகளோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு மொழியும் இப்புலத்தை வெவ்வேறாக வகுத்துக்கொள்வது புலனாகும்.

உணவு அலைவரிசைகளின் இந்தியில் மிகுதியாகப் பயிலும் வினைகளுள் 'பூன்னா' ஒன்று. 'பியாஸ் கோ சுனஹரா ஹோனே தக் பூனேன்', 'ஜீரா பூன் லேன்', 'பைங்கன் கோ ஆஞ்ச் பர் பூனேன்' என்னும் மூன்று தொடர்களிலும் வினை ஒன்றே. தமிழில் இம்மூன்றிற்கும் ஒரே வினையை இடுதல் இயலாது. வெங்காயத்தை வதக்குகிறோம், சீரகத்தை வறுக்கிறோம், கத்தரிக்காயைத் தணலில் சுடுகிறோம்.

கோவண்டியில் வழங்கும் இன்னொரு மொழியான மராத்தியையும் சேர்த்து நோக்கினால் ஒப்பீடு தெளிவு பெறும்:

இந்தி: வெங்காயம் – பூன்னா, சீரகம் – பூன்னா, கத்தரிக்காய் – பூன்னா.
மராத்தி: வெங்காயம் – பரத்தணே, சீரகம் – பாஜணே, கத்தரிக்காய் – பாஜணே.
தமிழ்: வெங்காயம் – வதக்கு, சீரகம் – வறு, கத்தரிக்காய் – சுடு.

மராத்தி, வதக்குதலை வறுத்தலினின்று பிரிக்கும் முறையில் தமிழோடு நிற்கின்றது. வறுத்தலையும் சுடுதலையும் ஒன்றாக்கும் முறையில் இந்தியோடு நிற்கின்றது. எனவே அலைவரிசை இந்தியின் பொதுவினை, தமிழரின் அடுக்களையில் மட்டுமன்றி அவர்தம் அண்டை வீட்டு மராத்தியரின் அடுக்களையிலும் ஒரு வேறுபாட்டை மறைக்கின்றது. இச்சிக்கலைத் தமிழ், இந்தி என்னும் இருமுனைப் பூசலாகக் காண்பது பொருந்தாது.

தமிழ் வினைகளின் இயல்பை மேலும் நுணுகி நோக்க வேண்டும். பருப்பை வதக்குதல் என்று தமிழர் கூறார். வறுத்தல் என்றே கூறுவர். 'வதக்கு' என்னும் வினை நீர்ப்பசையுள்ள பொருளையும் சிறிதளவு எண்ணெயையும் வேண்டி நிற்பதோடு, அப்பொருள் துவண்டு சுருங்கும் விளைவையும் தன்னுள் கொண்டுள்ளது. 'வறு' என்பது ஈரம் நீங்கும் விளைவைக் குறிக்கின்றது. உருளைக்கிழங்கும் மீனும் ஈரமுள்ளவையாயினும் 'வறுவல்' என்னும் பெயர் பெறுவது, அவை இறுதியில் ஈரம் வற்றிய நிலையை அடைவதாலேயே. 'பொரி' என்பது மிகுந்த எண்ணெயோ மிகுந்த வெப்பமோ பட்டு மொறுமொறுப்பாதலையும் வெடித்தலையும் உள்ளடக்கியது. அதனாலேயே அப்பளமும் பொரிகின்றது, நெல்லும் பொரிகின்றது, கடுகும் பொரிகின்றது. லேரரின் கூறுகள் பெரும்பாலும் வழிமுறையைச் சார்ந்தவை. தமிழ் வினைகளோ வழிமுறையோடு விளைவையும் சேர்த்தே உணர்த்துகின்றன. வினையைக் கேட்ட அளவிலேயே எங்கே நிறுத்த வேண்டும் என்பது ஓரளவிற்கு விளங்கிவிடுகின்றது.

இவ்விளைவுக்கூறு வழக்கில் உயிர்ப்புடன் இருப்பதற்கு உருவகப் பயன்பாடே சான்றாகும். மேலதிகாரி கீழுள்ளவரை 'வறுத்தெடுத்தார்' என்றால் ஈரமில்லாக் கடுமை புலனாகின்றது. துன்பம் ஒருவரை 'வாட்டுகின்றது'. கோபமுற்றவர் 'பொரிந்து தள்ளுகின்றார்'. இவ்விடங்களில் ஒரு வினைக்கு மாற்றாக மற்றொன்றை இடுதல் இயலாது.

4. எஞ்சும் இலக்கணம், குறையும் சொற்கள்

தமிழ்ச் சமையல் நிகழ்ச்சிகளின் மொழியைக் குறை கூறுவோர், 'ஃப்ரை பண்ணு', 'மிக்ஸ் பண்ணு', 'ஆட் பண்ணு' போன்ற கலப்பு வினைகளைச் சுட்டித் தமிழின் இலக்கணமே சிதைகின்றது என்பர். இக்கூற்றைச் சான்றுகள் வலியுறுத்தவில்லை.

சமையல் வினைகள் பல இணைகளாக அமைந்தவை. வதங்கு – வதக்கு, வாடு – வாட்டு, உருகு – உருக்கு, ஆறு – ஆற்று என அடி வேறுபட்ட இணைகளும், பொரிந்தது – பொரித்தாள், கரைந்தது – கரைத்தாள், அவிந்தது – அவித்தாள் எனக் கால இடைநிலையால் வேறுபடும் இணைகளும் உள்ளன. கு. பரமசிவம் 1979இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய இணைகளின் பொருண்மை அடிப்படையை விளக்கினார். தமிழில் அவற்றை இயங்குவினை, இயக்குவினை எனப் பெயரிட்டு வழங்கினார். சமையற் குறிப்பின் தொடரமைப்பே இவ்விணையின்மீது எழுப்பப்பட்டதாகும். 'வெங்காயத்தை வதக்கவும், வதங்கியதும் தக்காளியைச் சேர்க்கவும்' என்பதில் இயக்குவினை சமைப்பவரின் செயலைக் கூற, இயங்குவினை பொருளின் நிலையைக் கூறி அடுத்த செயலுக்கு வாயில் திறக்கின்றது.

கலப்பு வினைகள் இவ்வமைப்பைக் கைவிடவில்லை. 'ஃப்ரை பண்ணுங்க, ஃப்ரை ஆனதும்' எனப் 'பண்ணு', 'ஆகு' ஆகிய துணைவினைகள் அதே வேறுபாட்டைத் தவறாது காக்கின்றன. 'வறுத்து அரைத்துக்கொள்ளவும்' என்பதிலுள்ள 'கொள்', அச்செயல் பின்னர்ப் பயன்படுவதற்கான முன்னேற்பாடு என்பதை உணர்த்துகின்றது. 'ரோஸ்ட் பண்ணிக்கோங்க' என்பதிலும் அது நிலைத்திருக்கின்றது. இந்தியின் 'பூன் லேன்' என்பதிலுள்ள 'லேனா'வும் இப்பணியையே செய்கின்றது. இந்திய மொழிப்பரப்பு முழுவதற்கும் பொதுவான பண்பாகக் காலின் மாசிகா 1976இல் எடுத்துக்காட்டிய கூட்டுவினை அமைப்பின் ஒரு பயன் இது. இந்தியிலிருந்து தமிழாக்குவோர்க்கு இவ்விடத்தில் இடர்ப்பாடே இல்லை.

மகாராட்டிரத்தின் குப்வார் சிற்றூரில் கம்பர்ஸும் வில்சனும் செய்து 1971இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. அங்குக் கன்னடம், மராத்தி, உருது முதலிய மொழிகளின் இலக்கணங்கள் ஒன்றையொன்று நெருங்கின; சொற்கள் மட்டும் பிரிந்து நின்று அவரவர் அடையாளத்தைக் காத்தன. உணவு நிகழ்ச்சியின் தமிழில் காணப்படுவது இதன் மறுதலை. இலக்கணம் தமிழாகவே நிற்க, சொற்களே இடம் பெயர்கின்றன.

அப்பெயர்ச்சியும் எல்லா இடத்தும் இழப்பாகாது. 'டிரை ரோஸ்ட்', 'ஷாலோ ஃப்ரை', 'டீப் ஃப்ரை' என அடைசேர்த்து வேறுபாடுகள் மீளவும் உருவாக்கப்படுகின்றன. அடுக்களை என்றுமே வேற்றுச் சொற்களை ஏற்று வந்த இடம். மிளகாய் இந்நாட்டிற்கு வந்தது கடல்கடந்த வணிகத்தின் வழியே; அதற்கு மிளகின் பெயரைக்கொண்டு பெயர் அமைத்துக்கொண்ட மொழி தமிழ். எனவே வேற்றுச்சொல் வந்தது என்பதே குற்றமாகாது. வேற்றுச்சொல் வந்த இடத்தில் எப்பொருட்கூறு விடுபட்டது என்பதே வினா. 'டீப் ஃப்ரை' என்பது எண்ணெயின் அளவைக் கூறுகின்றது. பொருள் பொரிந்துவிட்டதா என்பதைக் கூறவில்லை. வழிமுறை மீட்கப்பட்டது, விளைவு மீட்கப்படவில்லை.

5. சுட்டுச்சொற்களும் பதமும்

விடுபட்ட விளைவுக்கூற்றின் இடத்தைத் தொலைக்காட்சியில் நிரப்புவது படம். இதனை ஊடகத்தின் இயல்பு வழியே விளக்க வேண்டும்.

அச்சிட்ட சமையற் குறிப்பு 'வதக்கவும்', 'இறக்கவும்' என உம்மீற்று வியங்கோளால் அமைவது. இந்தியின் 'பூனேன்', 'டாலேன்' என்பனவும் இதற்கு நிகரானவை. இவ்வடிவம் கூறுவோரையும் கேட்போரையும் மறைத்துச் செயலை மட்டும் முன்னிறுத்துகின்றது. 1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' போன்ற நூல்கள், உடனிருந்து கற்பிக்கப் பெரியோர் இல்லாத வீடுகளுக்காக, சொல்லையன்றி வேறு துணையில்லாமல் சமையலைக் கற்பித்தன. நூலில் படம் காட்டாததைச் சொல்லே தாங்க வேண்டியிருந்தது.

தொலைக்காட்சி இம்முறையை மாற்றுகின்றது. 'இப்ப நாம வெங்காயத்தைச் சேர்க்கிறோம்' என்பதில் உளப்பாட்டுத் தன்மையும் நிகழ்காலமும் வருகின்றன. செயலும் சொல்லும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. சார்லஸ் ஃபெர்குசன் 1983இல் ஆராய்ந்த விளையாட்டு வருணனை வழக்கோடு இது ஒப்புடையது. ஆயினும் வருணனையாளர் காணாதாரை நோக்கியும் பேசுவர், சமையற் கலைஞர் காண்போரை நோக்கியே பேசுவர். ஆதலால் 'இந்த மாதிரி', 'இந்த அளவுக்கு', 'இப்படி வந்ததும்', இந்தியில் 'ஐசா ரங்க் ஆ ஜாயே தோ' என்னும் சுட்டுத் தொடர்கள் பெருகுகின்றன. சுட்டுச்சொல்லுக்குத் தனிப்பொருள் இல்லை. சுட்டப்படுவது கண்ணெதிரே இருந்தாலன்றி அது வெற்றிடமே.

இணையவழி ஒளிப்படங்களில் இப்போக்கு மேலும் முதிர்ந்துள்ளது. புதுக்கோட்டை மாவட்டத்தினின்று 2018இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' பெரும்புகழ் பெற்றது. இடும் பொருளின் பெயரை உரத்த குரலில் அறிவித்து இடுவதே அதன் அடையாளம். அங்கே பெயர்ச்சொல் மட்டும் ஒலிக்கின்றது; வினை முழுவதையும் படம் ஏற்றுக்கொள்கின்றது. மொழியறியாதாரும் அதனைக் கண்டு மகிழ்வதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

படம் எல்லாவற்றையும் ஏற்க வல்லதா என்பதே இவ்விடத்து எழும் வினா. சமையலில் உரிய நிலையைக் குறிக்கும் தமிழ்ச்சொல் 'பதம்'. சொல் என்னும் பொருளுடைய வடசொல் 'பதம்' வேறு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியில் அச்சொல் சோதித்தறியும் அளவுகோலையே குறிக்கின்றது. பதம் அறியும் புலன் யாது என நோக்கினால், கண் அவற்றுள் ஒன்று மட்டுமே என்பது தெளிவாகும்.

'பொன்னிறமாகும் வரை', 'நிறம் மாறியதும்' என்பன கண்ணுக்குரியன. 'பச்சை வாசனை போகும் வரை', 'மணம் வரும் வரை' என்பன மூக்கிற்குரியன. 'கடுகு வெடித்ததும்', 'சலசலப்பு அடங்கியதும்' என்பன செவிக்குரியன. 'நசுக்கினால் மசியும் வரை', 'ஒற்றைக் கம்பிப் பதம்', 'கையில் ஒட்டாத பதம்' என்பன விரலுக்குரியன. 'உப்புச் சரியாக இருக்கும்படி' என்பது நாவிற்குரியது. இவ்வைந்தனுள் தொலைக்காட்சி தருவன கண்ணும் செவியும் மட்டுமே. செவிக்குரிய ஓசையும் பின்னணி இசையில் பெரும்பாலும் அமிழ்ந்துவிடுகின்றது. மணத்தையும் தொடுவுணர்வையும் சுவையையும் ஒளிபரப்ப இயலாது. அவற்றை இல்லங்களுக்குக் கொண்டு சேர்க்கக் கூடியது சொல் ஒன்றே. படம் உள்ளதனால் சொல் வேண்டா என்னும் எண்ணம், கண்ணால் அறியும் பதத்தை மட்டும் கருதியதால் எழுந்த பிழையாகும்.

தாளித்தலுக்கான பெயர்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மராத்தியின் 'ஃபோடணீ' உடைத்தலையும் வெடிக்கச் செய்தலையும் குறிக்கும் வினையடியாகப் பிறந்தது. அதாவது செவியறியும் பதத்தைப் பெயராகக் கொண்டது. சங்க இலக்கியத்தில் தாளிப்புக்கு வழங்கும் 'குய்' என்னும் சொல் குறுந்தொகை 167ஆம் பாடலில் புகையோடு சேர்ந்து வருகின்றது. அங்கே கண்ணையும் மூக்கையும் தாக்கும் அனுபவம் முன்னிற்கின்றது. இந்தியிலேயே 'சௌங்க்', 'பகார்', 'தட்கா' என வட்டாரந்தோறும் பெயர்கள் உண்டு. உணவு அலைவரிசையின் பொதுமொழியில் 'தட்கா' ஏனையவற்றை ஓரத்திற்குத் தள்ளிற்று. அருச்சுன் அப்பாதுரை 1988இல் வெளியிட்ட கட்டுரையில், ஆங்கிலச் சமையல் நூல்கள் வட்டார உணவுகளைத் தொகுத்தும் சீர்ப்படுத்தியும் ஒரு தேசிய உணவுமுறையைக் கட்டமைத்ததை விளக்கினார். நூல்கள் உணவுக்குச் செய்ததை அலைவரிசைகள் சொல்லுக்குச் செய்கின்றன எனலாம்.

6. பெயர்ச்சொற்கள் தரும் ஏமாற்றம்

வினைகளைப் போலன்றிப் பெயர்ச்சொற்கள் எளிதில் மொழிபெயர்க்கத்தக்கவை என்னும் நம்பிக்கை பரவலாக உண்டு. மும்பைத் தமிழ் அந்நம்பிக்கையை அசைக்கின்றது. தமிழில் 'தனியா' என்பது கொத்தமல்லி விதையை மட்டுமே குறிக்கும். இந்தியின் 'தனியா' விதைக்கும் இலைக்கும் பொது. இலையைப் பிரித்துக்கூற வேண்டின் 'ஹரா தனியா' என்பர். ஒலி ஒன்றாகவும் பொருளெல்லை வேறாகவும் உள்ள இத்தகைய சொற்கள், ஒலிவேறுபாடுடைய சொற்களைக் காட்டிலும் மொழிபெயர்ப்பாளரை மிகுதியாக ஏமாற்றுகின்றன. 'தனியா டாலேன்' என்பதை அவ்வாறே தமிழில் விட்டுவிட்டால், இறுதியில் தழையைத் தூவ வேண்டிய இடத்தில் விதையை இட நேரும்.

'மிர்ச்' மிளகு, மிளகாய், குடைமிளகாய் மூன்றனுக்கும் பொதுப்பெயர். அடைமொழியே அவற்றைப் பிரிக்கின்றது. 'சாவல்' ஊறவைக்கும்பொழுது அரிசி; பரிமாறும்பொழுது சோறு. இங்கும் மராத்தி 'தாந்தூள்', 'பாத்' எனப் பிரித்துத் தமிழோடு உடன்படுகின்றது. வேறுபாடுகளுக்கிடையே வியப்பூட்டும் ஒற்றுமையும் உண்டு. தமிழின் 'எண்ணெய்' எள்ளின் நெய்யாகத் தொடங்கிப் பொதுப்பெயராயிற்று. இந்தியின் 'தேல்' எள்ளைக் குறிக்கும் 'தில'த்தினின்று வந்து அவ்வாறே பொதுப்பெயராயிற்று. ஒரே பொருட்பண்பாடு இரு மொழிகளையும் ஒரே வழியில் நடத்தியதற்கு இது சான்று.

7. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கன

ரோமன் யாகோப்சன் 1959இல் மொழிபெயர்ப்பை மூவகைப்படுத்திய பொழுது, சொற்குறிகளைப் பிற குறிகளாக மாற்றுவதையும் ஒரு வகையாகக் கூறினார். சமையல் நிகழ்ச்சியில் அம்மாற்றம் முன்னரே நிகழ்ந்துவிட்டது. குறிப்பின் ஒரு பகுதி படமாக மாறியிருக்கின்றது. குரல்மாற்றம் செய்வோர்க்கும் துணையுரை எழுதுவோர்க்கும் எஞ்சுவது காலத்தால் அளவிடப்பட்ட ஒரு சிறு வெளியே. அவ்வெளியை எதற்குச் செலவிடுவது என்பதே அவர்தம் தேர்வாகின்றது. மேற்கண்ட ஆய்வினின்று மூன்று நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, படம் காட்டுவதை மீண்டும் கூறுதல் தேவையற்றது. படம் காட்ட இயலாததைக் கூறுதல் இன்றியமையாதது. மூலத்தில் 'இஸ் தரஹ் கா ஹோ ஜாயே' என்று மட்டும் இருப்பினும், தமிழில் 'பச்சை வாசனை போனதும்' என விரித்தல் மிகைப்படக் கூறலாகாது. மூலத்தில் சமைப்பவர் தம் மூக்கால் அறிந்ததைப் பார்வையாளர்க்குச் சேர்ப்பிக்கும் பணியே அது. இதற்கு மொழிபெயர்ப்பாளர் அச்செயலை அறிந்தவராகவோ அறிந்தவரைக் கேட்டறிந்தவராகவோ இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, விளைவைக் கூறும் தமிழ் வினைகள் காலச் சிக்கனமும் உடையன. 'டீப் ஃப்ரை பண்ணுங்க' ஐந்து அசைகளைக் கொள்ள, 'பொரிங்க' மூன்றே அசைகளில் முடிகின்றது. உதட்டசைவுக்கும் நேர அளவுக்கும் கட்டுப்பட்ட குரல்மாற்றத்தில் இவ்வேறுபாடு பயனுடையது. மிஞ்சும் அசைகளில் ஒரு பதக்குறிப்பைச் சேர்க்கலாம். தமிழ்ச்சொல்லை ஆள்வதற்குத் தூய்மைவாதம் காட்ட வேண்டிய காரணம் எதுவும் இல்லை. செய்தி மிகுதியும் சொல் சுருக்கமுமே போதிய காரணங்களாகும்.

மூன்றாவது, இந்தியின் பொதுவினைக்கு ஒரே தமிழ்ச் சொல்லை நிலையாக இடும் சொற்பட்டியல் முறை சமையல் மொழிபெயர்ப்பில் தீங்கு பயக்கும். கலைச்சொல்லாக்கத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்பது நெறியாகலாம். 'பூன்னா' போன்ற வினைக்கு உடன்வரும் பெயரையும் அதன் ஈரத்தையும் நோக்கியே வினையைத் தெரிந்தெடுக்க வேண்டும். இருமொழி அகராதிகள் இவ்வினைகளுக்கு இணைச்சொல் மட்டும் தராது, அவை ஏற்கும் செயப்படுபொருள்களையும் தருமாயின் மொழிபெயர்ப்பாளர்க்குப் பெரிதும் உதவும்.

படத்தின் துணை நீங்கியவுடன் வினைகள் மீள்வதைத் தமிழ் நிகழ்ச்சி ஒன்றே காட்டுகின்றது. விஜய் தொலைக்காட்சியில் 2019இல் தொடங்கிய 'குக் வித் கோமாளி'யில் சமையல் அறிந்தவரோடு சமையல் அறியாத நகைச்சுவையாளர் இணைக்கப்படுகின்றார். அறியாதவரை ஏவுங்கால் 'இந்த மாதிரி' என்பது போதாமற் போகின்றது. கிளறு, புரட்டு, வதக்கு, வறு என வேறுபடுத்திக் கூற வேண்டி வருகின்றது. அவற்றை வேறுபடுத்த அறியாமையே அங்கு நகைப்பின் ஓர் ஊற்று. பார்வையாளர்க்கு அவ்வேறுபாடு தெரிந்திருந்தாலன்றி அந்நகைப்பு எழாது.

8. முடிவுரை

உணவு அலைவரிசைகள் இந்திய மொழிகளுக்குச் செய்த நன்மை மறுக்கத்தக்கதன்று. வீட்டுச் சமையலைப் பொது மேடையில் பேசத்தக்க பொருளாக்கியமையும், பிற வட்டார உணவுகளை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தியமையும் அவற்றின் சாதனைகள். கோவண்டியின் தமிழ் இல்லம் ஒன்றில் காந்தா போஹாவும் ராஜ்மாவும் சமைக்கப்படுவதில் தமிழுக்கு இழுக்கு எதுவும் இல்லை. கலப்பு வினைகளால் தமிழ் இலக்கணம் அழிகின்றது என்னும் அச்சத்திற்கும் இடமில்லை என்பது மேலே காட்டப்பட்டது.

இழப்பு வேறோர் இடத்தில் நிகழ்கின்றது. வினைச்சொல்லினுள் அடங்கியிருந்த விளைவுக்கூறு படத்திற்குக் கைமாறுகின்றது. படம் உள்ள வரையில் அக்குறை தோன்றாது. அடுப்பை நோக்கியவாறு செவியால் மட்டும் கேட்பவருக்கும், பார்வையற்றவருக்கும், திருநெல்வேலியிலுள்ள தாயிடம் தொலைபேசியில் குழம்பின் பக்குவம் கேட்கும் கோவண்டி மகளுக்கும் படம் துணை வாராது. 'வதங்கினதும்' என்று தாய் கூறும்பொழுது, எந்நிலையில் அடுத்ததைச் சேர்ப்பது என்பதை மகள் அச்சொல்லிலிருந்தே அறிய வேண்டும். அச்சொல் மகளுக்கு வெறும் ஒலியாகிவிட்டால், அதில் அடங்கிய அறிவும் அவளைச் சேராது. அதனைச் சேர்ப்பிக்கும் பொறுப்பில், சமையல் நிகழ்ச்சிகளைத் தமிழாக்குவோர்க்கும் பங்குண்டு.